தெபோராள் தாண்டிய குழி

வேதமாணிக்கத்தின் கை ஆர்மோனியத்தின் மேல் ஒரு கணம் தடுமாறியது.

பலவர்ண அங்கியைப் போட்டுக்கொண்டு யோசேப்பு அண்ணன்மாரைத் தேடிப் போனான் என்று பாடிய தெபோராள் டீச்சர், அடுத்த அடியிலேயே அவனை எகிப்தில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார். அண்ணன்மார் அவனைக் குழியில் தள்ளிய கட்டம் வரவே இல்லை.

வேதக்கோயில் முற்றத்தில் இருந்த சனத்துக்கு அது உறைக்கவில்லை. வேதமாணிக்கத்துக்கு உறைத்தது. முன்வரிசையில் இருந்த நாலு அண்ணன் தம்பிகள், மத்தியானம் டீச்சருக்கு மீன்குழம்பு ஊற்றிய வீட்டுக்காரர்கள்.

டீச்சர் ஊர் ஊராகப் போய் வேதக் கதைகளைப் பாட்டும் பேச்சுமாகச் சொல்கிறவர். வேதமாணிக்கம் அவரைவிடப் பத்து வயது மூத்தவர். மில் வேலையை விட்டபிறகு, கதை சொல்லும் வித்தையைக் கற்க அவருக்குச் சீடனாக வந்து சேர்ந்தார். ஊர் ஊராய்ச் சுற்றியதில் வித்தை வந்ததோ இல்லையோ, சந்தேகம் வந்துவிட்டது. அந்தப் பகுதிக் கோயில்களுக்கெல்லாம் பொறுப்பான பாதிரி ஐயரும் அவரிடம் கேட்டிருந்தார்: "அந்தம்மா வேதத்தை மாத்திச் சொல்லுதாங்களாமே? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. இனிமே எந்தக் கோயில்லயும் ஏத்த வேண்டாம்."

சனம் கலைந்ததும் வேதமாணிக்கம் நேரே போய் நின்றார்.

"குழி எங்க டீச்சர்?"

"எந்தக் குழி அண்ணாச்சி?"

"யோசேப்பைப் போட்ட குழி. மீன்குழம்பு ஊத்தி மூடிட்டீங்களோ?"

டீச்சர் சிரித்தார். "குழம்பு நல்லாத்தான் இருந்துச்சு. கூப்பிட்டாங்கள்லா, நீங்கதான் வரலை."

"எனக்கு வேண்டாம். ஊருக்கு ஊர் வேதத்துல ஒரு துண்டு காணாமப் போகுது. பகல் பூரா வீடு வீடா ஏறி இறங்குதீங்க. என்ன பேசுதீங்கன்னு யாரு கண்டா? ஐயர் கேட்டிருக்காரு. நான் பொய் சொல்ல மாட்டேன்."

"சொல்லாதீங்க. நாளைக்கு அடுத்த ஊர்ல கதை நீங்க சொல்லுங்க. நான் ஆர்மோனியப் பெட்டி வாசிக்கேன்."

"நீங்களும் ஊருக்குள்ள போகக்கூடாது."

"போகலை."

மறுநாள் அடுத்த ஊர் போய்ச் சேர்ந்ததும் இருவரும் கோயில் வளவைத் தாண்டவில்லை. சாப்பாடு கொண்டுவந்த, கோயில் மணியடிக்கும் கோயில்பிள்ளை ஏதோ ஊர்க்கதை எடுத்தபோது, வேதமாணிக்கம் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். யாரையும் குத்தாத கதையாகப் பார்த்து நோவாவின் பேழையை எடுத்தார். ஒரு வசனம்கூட விடுவதில்லை என்று வைராக்கியம்.

சாயங்காலம் அவருக்கே ஆச்சரியமாகக் குரல் எழும்பியது. மழை பெய்தது. பேழை மிதந்தது. நோவா சன்னலைத் திறந்து முதலில் காகத்தை விட்டான், பிறகு புறாவை. அந்த இடத்துக்கென்று தானே கட்டிய பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு பாடினார்:

"போன காகம் திரும்பவில்லை,
போனதென்று தேடவில்லை;
வந்த புறா கையில் ஏற
வாரி வாரி அணைத்துக்கொண்டான்."

கண்ணைத் திறந்தபோது நடுவில் ஒரு அம்மாள் எழுந்திருந்தாள். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, சனத்தின் காலையும் கையையும் மிதித்தபடி வெளியே ஓடினாள். டீச்சர் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு அவள் பின்னால் போனார்.

அந்த அம்மாளின் புருஷன் மேடைக்கு வந்தார்.

"எங்க மூத்தவன் பம்பாய்க்குப் போயித் தொலைஞ்சதை உமக்கு எவம்வே சொன்னது?"

"ஐயோ, எனக்கு ஒண்ணும் தெரியாதய்யா."

"தெரியாமலா காகத்துல வந்து நின்னீரு? இளையவன் இப்பதான் லீவுல வந்திருக்கான். அதையும் சேத்துக் கட்டிட்டீரே பாட்டு! சபை நடுவுல வச்சு அவளைக் கொன்னுட்டீரே!"

"சத்தியமா யாருகிட்டயும் ஒரு சொல்லு கேக்கலை. வேதத்துல உள்ளதைத்தான்..."

"தேடலைன்னு வேதத்துலயா இருக்கு? தபால்காரன் வந்தா இன்னைக்கும் அவதான் முதல்ல ஓடுதா. அவளா தேடலை?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். சனமும் ஒவ்வொருவராக எழுந்தது. போகிறவர்கள் வேதமாணிக்கத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். திருடனைப் பார்க்கிற பார்வை.

டீச்சர் வெகுநேரம் கழித்து வந்தார். புடவைத் தோள் நனைந்திருந்தது. ஆர்மோனியத்தை மூடினார்.

"நான் வாசலைத் தாண்டலை டீச்சர். காதைக்கூடப் பொத்திக்கிட்டேன். ஒருத்தரும் நம்ப மாட்டேங்காங்க."

"நான் நம்புதேன் அண்ணாச்சி. தெரிஞ்சிருந்தா காகத்துகிட்ட நின்னிருப்பீங்களா?"

வேதமாணிக்கம் தலையைக் குனிந்தார்.

"நேத்து அந்தக் குழி..."

"சாப்பாடு போட்ட வீட்டுல சின்னப் பிள்ளை கிணத்துல விழுந்து செத்து ஒரு மாசம்கூட ஆகலை. மத்தியானம்தான் சொன்னாங்க."

 ஆனாலும் வேதமாணிக்கத்துக்கு மனசு கேட்கவில்லை.

"இருந்தாலும் டீச்சர், அது வேதம். நம்ம இஷ்டத்துக்கு விடலாமா?"

"வேதம் எங்கயும் போகாது அண்ணாச்சி, அங்கயேதான் இருக்கும். அந்தம்மாதான் எழுந்து போயிட்டா."