தட்டினால் வரும் வாளை

மீன்களும் மனிதர்களும் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் வாளைக்கு வாய் சிறியது. இருட்டியதும் ஆற்றின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

கொள்ளிடத்தில் ஒரு தாய் வாளை இருந்தது. புதுவெள்ளம் வந்த அன்று அதன் ஒரே மகன், "மேலே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் அம்மா" என்று நீரை எதிர்த்துப் போனான். வெள்ளம் வடிந்தது. அவன் வரவில்லை. தாய் போகிற வருகிற எல்லோரையும் கேட்டது.

"உன் பிள்ளைக்கு மீசை முளைத்தாகிவிட்டது. இன்னும் என்ன தேடல்?" என்று நண்டு கேலி செய்தது.

"மீசை முளைத்தால் பசிக்காதா? போகிற அவசரத்தில் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை அவன்."

இரவில் தோணியில் வந்து வலை வீசும் சடையாண்டியிடமும் கேட்டது.

"அண்ணே, நீங்கள் மேல்மடு வரைக்கும் போகிறவர். என் மகனைப் பார்த்தால் சொல்வீர்களா?"

"சொல்கிறேன் தாயி. துடுப்பால் தோணியைத் தட்டுவேன். சத்தம் கேட்டால் மேலே வா."

அதற்குப் பிறகு தாய் வாளை இரவில் உறங்கவில்லை. வெள்ளத்தில் பிள்ளைகளைத் தொலைத்த மற்ற வாளைகளும் அதனோடு விழித்துக் கிடந்தன.

கோடையில் ஆறு வற்றியது. வலையில் ஒன்றும் விழவில்லை. சடையாண்டியின் பிள்ளைகள் கஞ்சித் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தார்கள். அன்றிரவு அவன் துடுப்பை இரண்டு முறை ஓங்கிவிட்டு இறக்கினான். பிறகு தோணியைத் தட்டினான்.

தாய் வாளை பாய்ந்து மேலே வந்தது. அவன் வலையை வீசினான்.

வலைக்குள் கிடந்தும் அது துள்ளவில்லை. "பார்த்தீர்களா அண்ணே?" என்றது.

சடையாண்டி வலையை இழுத்துக்கொண்டே சொன்னான், "பார்த்தேன்."

"நன்றாக இருக்கிறானா?"

"பெரிய மடுவில் இருக்கிறான். நன்றாக இருக்கிறான்."

"சாப்பிட்டானா?"

"வயிறு நிறையச் சாப்பிட்டான் தாயி. உன்னை விசாரித்தான்."

"என்னையா!" என்று அது வாயைப் பிளந்தது. அந்த வாய் பிறகு மூடவில்லை.

அடியில் கிடந்த வாளைகள் வலையையும் பார்த்தன, பேச்சையும் கேட்டன. மறுநாள் இரவு துடுப்பு தவறித் தோணியில் இடித்த சத்தத்துக்கே எல்லாம் மேலே வந்துவிட்டன.

"என் பிள்ளை? அண்ணே, என் பிள்ளை?"

சடையாண்டி பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எந்த மனிதனும் மீனுக்குப் பதில் சொன்னதில்லை.

அன்று தொடங்கியதுதான், இருட்டில் தோணியைத் தட்டினால் வாளை வாயை அகலத் திறந்துகொண்டு மேலே வருவது. வலை இருப்பது அதற்குத் தெரியும். இந்த முறையாவது யாராவது பார்த்துவிட்டு வந்திருப்பார்களோ என்றுதான் வருகிறது.