முள்ளுக்குப் பட்டால் பட்டதா?

குளத்தங்கரைப் பள்ளிக்கூடத்துக் கீரி வடிவு டீச்சர் அன்று காலையிலிருந்தே நிலைகொள்ளாமல் அலைந்துகொண்டிருந்தாள். முயல் பூவாத்தா வந்து ஒரு குண்டைப் போட்டுவிட்டுப் போயிருந்தாள். இந்த வருஷ விளையாட்டுப் போட்டியிலும் குளத்தங்கரை தோற்றால், தன் மகள் தாழையை மலையடிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுவாளாம்!

பூவாத்தா போனால் அவள் பின்னாலேயே அணில்கள் போகும். அணில்கள் போனால் தவளைகள் போகும். அப்புறம் வடிவு டீச்சர் மருதமரத்தடியில் உட்கார்ந்து தனக்குத்தானே பாடம் நடத்திக்கொள்ள வேண்டியதுதான்.

அந்தக் காட்டில் பள்ளிக்கூடங்கள் எல்லாம் தனித்தனி. சிங்கராஜா உதவியும் செய்யமாட்டார், உபத்திரவமும் செய்யமாட்டார். அவரவருக்கு ஒரு மரம், அவரவருக்கு ஒரு மணி, அவரவர் பாடம் அவரவருக்கு. குளத்தங்கரையில் நீச்சல்தான் முதல் வகுப்பு. மலையடியில் நரி குழந்தைவேலு வாத்தியார் ஊளையிடுவதற்கென்றே தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தார். ஒருத்தர் பாடத்தில் இன்னொருத்தர் மூக்கை நுழைப்பதில்லை. ஆனால் விளையாட்டு மட்டும் தனியாக விளையாட முடியாதே! அதற்காக எல்லாரும் சேர்ந்து ஆரம்பித்ததுதான் காட்டுத் தனிப்பள்ளிகள் விளையாட்டுச் சங்கம்.

சங்கம் சும்மா முளைத்துவிடவில்லை. அதன் முதல் விதி: போட்டி நாளில் யாரும் யாரையும் தின்னக் கூடாது. இந்த விதி வருவதற்கு முன்னால் ஓட்டப் பந்தயத்தில் ஓடியவர்கள் யாரும் பரிசுக்காக ஓடவில்லை, பாவம்.

அடுத்த தகராறு நடுவரால் வந்தது. முதலில் ஆந்தையை நடுவராகப் போட்டார்கள். பகல் வெளிச்சத்தில் அதற்குக் கண் கூசியது. ஆட்டம் முடிந்தபிறகு கண்ணைத் திறந்து, "ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டது. அதை அனுப்பிவிட்டுப் பச்சோந்தியைக் கொண்டுவந்தார்கள். அது ஒரு கண்ணால் இந்தப் பக்கத்தைப் பார்த்தது, மறு கண்ணால் அந்தப் பக்கத்தைப் பார்த்தது, கடைசியில் இரண்டு பக்கமும் ஜெயித்ததாகச் சொல்லிவிட்டது. அன்றைக்கு நடந்த அடிதடியில் பச்சோந்தி சிவப்பாகி, நீலமாகி, கடைசியில் இருக்கிற இடமே தெரியாமல் போய்விட்டது. குரங்கைப் போட்டார்கள். அதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வாழைப்பழம் எந்தப் பக்கமோ குரங்கும் அந்தப் பக்கம்.

கடைசியில் அலுத்துப்போய், நடுவரே வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். எதிர்ப்பக்கத்தார் கை பட்டால், பட்டவரே கையைத் தூக்கி, "பட்டது" என்று சொல்லிவிட்டு வெளியே போக வேண்டும். அவ்வளவுதான் விதி. கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். யாராவது தானாக வந்து ஒத்துக்கொள்வார்களா? ஆனால் ஒத்துக்கொண்டார்கள்! கூடவே விளையாடுகிறவன் கண்ணெதிரே கையைத் தூக்கிச் சொல்லும்போது, சொல்லாமல் நிற்கிறவனுக்குத்தான் கூச்சமாக இருந்தது. அந்த வருஷத்திலிருந்து அடிதடி நின்றது. சங்கத்துக்காரர்களுக்கு அதில் அப்படி ஒரு பெருமை.

அவர்கள் விளையாடியது கிளித்தட்டு. தரையில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருக்கும். ஒரு பக்கத்தார் கோடுகளில் காவல் நிற்பார்கள். மற்றப் பக்கத்தார் அவர்கள் கையில் படாமல் கோடுகளைத் தாண்டி, கடைசிவரை போய்த் திரும்பி வரவேண்டும். திரும்பி வந்தால் ஒரு பழம். அதிகப் பழம் எடுத்தவர்களுக்கு வெற்றி.

குளத்தங்கரைக்கு எந்த வருஷமும் வெற்றி கிடைத்ததில்லை. தாழை நன்றாக ஓடுவாள். அணில்கள் அதைவிட நன்றாக ஓடும். ஆனால் மற்றப் பள்ளிக்கூடங்களில் கூட்டம் அதிகம். இங்கே தவளையை எல்லாம் சேர்த்தால்தான் ஆளே தேறும்.

வடிவு டீச்சர் இப்படிக் கவலைப்பட்டுக்கொண்டிருக்கும்போது, முள்ளம்பன்றி ஈட்டியப்பன் வகுப்புக்கு வந்தான். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். குறும்புக்காரத் தவளைகள் அவன் முதுகு முழுவதும் காய்ந்த இலைகளைக் குத்தி வைத்திருந்தன. ஒரு நடமாடும் குப்பைமேடு வந்த மாதிரி இருந்தது. அவனுக்கு ஒன்றுமே தெரியவில்லை. டீச்சர் சொன்னபிறகுதான் திரும்பிப் பார்த்தான்.

"முள்ளுக்கு என்ன டீச்சர் தெரியும்?" என்று அவனும் சேர்ந்து சிரித்தான்.

வடிவு டீச்சர் சிரிக்கவில்லை. அவள் கண் பளபளத்தது. அன்று சாயங்காலம் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, கிளித்தட்டில் அவனைச் சேர்க்கப் போவதாகச் சொன்னாள். ஈட்டியப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. அவனை யாரும் எந்த விளையாட்டுக்கும் சேர்த்ததில்லை.

"ஆனா நான் மெதுவாத்தானே டீச்சர் ஓடுவேன். பட்டுடுமே?"

"பட்டது உனக்குத் தெரிஞ்சாத்தானே நீ சொல்லணும்? தோலுக்குத் தெரியாததைப் பட்டதுன்னு சொன்னா, அதுதான் பொய்."

ஈட்டியப்பன் யோசித்துப் பார்த்தான். அவனுக்கு என்னமோ இடித்தது. ஆனால் டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையை ஆட்டிவிட்டான்.

முதல் ஆட்டம் மூங்கில்காட்டுப் பள்ளிக்கூடத்தோடு நடந்தது. கோட்டில் மரநாய்கள் காவல் நின்றன. ஈட்டியப்பன் சந்தைக்குப் போகிறவன் மாதிரி நிதானமாக நடந்துபோனான். முதல் மரநாய் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டு, கையை உதறிக்கொண்டு ஒற்றைக் காலில் குதித்தது. அடுத்ததும் அதே மாதிரி குதித்தது. தெரியவில்லை என்று ஈட்டியப்பன் சொன்னான். போய்த் திரும்பினான். மறுபடி போனான், மறுபடி திரும்பினான்.

மரநாய்கள் கூச்சல் போட்டன. சங்கத்தின் செயலாளர் கொக்கு வந்து கழுத்தை இப்படியும் அப்படியும் வளைத்துப் பார்த்தது. விதிப்படி பட்டவர் சொல்ல வேண்டும். பட்டவர் சொல்லவில்லை. அதற்குமேல் கொக்கினால் ஒன்றும் செய்ய முடியவில்லை. குளத்தங்கரை ஜெயித்தது! அடுத்த ஆட்டத்திலும் ஜெயித்தது. வடிவு டீச்சர் வாலை நிமிர்த்திக்கொண்டு நடந்தாள்.

ஆனால் மூளை அவளுக்கு மட்டுமா இருக்கிறது? மலையடி நரி குழந்தைவேலு வாத்தியார் எல்லாவற்றையும் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளே ஆற்றங்கரைக்குப் போய் ஆமைகளைக் கூப்பிட்டு வந்து தன் பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொண்டார். உடம்பெல்லாம் செதிலாக இருக்கும் அழுங்கு ஒன்றையும் தேடிப் பிடித்தார். அதைப் பார்த்து மற்றப் பள்ளிக்கூடங்களும் நண்டையும் நத்தையையும் தேடி ஓடின. கால் உள்ள பிள்ளைகள் எல்லாம் கரையில் உட்கார்ந்தார்கள். ஓடு உள்ள பிள்ளைகள் மைதானத்தில் இறங்கினார்கள்.

கடைசிப் போட்டியில் குளத்தங்கரையும் மலையடியும் மோதின. காடே திரண்டு வந்திருந்தது. பூவாத்தாவும் மகளுக்கென்று இளம் அருகம்புல்லைக் கட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். மைதானத்தில் தாழையைக் காணோம். தேடிப் பார்த்தால், ஓரத்தில் ஈட்டியப்பனுக்குத் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தாள்.

"நீ ஓடலையா?" என்று கேட்டாள் பூவாத்தா.

"டீச்சர் வேண்டாம்னுட்டாங்கம்மா. ஓடினா எனக்குப் பட்டுடுமாம்."

பூவாத்தாவுக்கு வந்ததே கோபம்! நேராக வடிவு டீச்சரிடம் போனாள்.

"ஆட்டம் முடிஞ்சதும் என் பொண்ணைக் கூட்டிட்டுப் போறேன், டீச்சர். நீங்க ஜெயிச்சாலும் சரி, தோத்தாலும் சரி."

டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. ஜெயிக்க வேண்டும் என்று சொன்னதே பூவாத்தாதானே! மலையடியிலும் ஆமைதானே ஆடுகிறது என்று சொல்லிப் பார்த்தாள். அப்படியானால் எந்தப் பள்ளிக்கூடமும் வேண்டாம், பிள்ளை வீட்டிலேயே இருக்கட்டும், அங்கேயாவது வயலில் ஓடி விளையாடும் என்று பூவாத்தா சொல்லிவிட்டாள்.

ஆட்டம் ஆரம்பித்தது. அதை ஆட்டம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மலையடி ஆமை ஒன்று முதல் கோட்டைத் தாண்டுவதற்குள் பார்க்க வந்த மான்கள் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிட்டன. அது போகிற வழியெல்லாம் குளத்தங்கரைக்காரர்கள் தட்டினார்கள். அது பாட்டுக்குப் போய்த் திரும்பி ஒரு பழம் எடுத்தது. பிறகு ஈட்டியப்பன் நடந்தான். மலையடிக்காரர்கள் தட்டினார்கள், குதித்தார்கள். அவனும் ஒரு பழம் எடுத்தான். பிறகு அழுங்கு. பிறகு மறுபடி ஈட்டியப்பன். யாரும் ஓடவில்லை. யாரும் வெளியே போகவில்லை. கூட்டம் கொட்டாவி விட்டது. சில தாய்மார்கள் பிள்ளைகளை எழுப்பிக்கொண்டு புறப்படவும் தொடங்கிவிட்டார்கள்.

பொழுது சாய்ந்தது. இரண்டு பக்கமும் சமமாக இருந்தது. இனி ஒரே ஒரு பழம்தான். ஈட்டியப்பன் போய்த் திரும்பிவிட்டால் கோப்பை குளத்தங்கரைக்கு!

அவன் போனான். கடைசிக் கோட்டைத் தொட்டுத் திரும்பினான். வரும் வழியில் காவல் நின்ற அழுங்கு, கையை நீட்டி அவன் முதுகில் தட்டியது. அழுங்குக்கு வலிக்கவில்லை. ஈட்டியப்பனுக்கும் வலிக்கவில்லை. இன்னும் ஒரு கட்டம்தான் பாக்கி.

ஈட்டியப்பன் நின்றுவிட்டான். கரையில் உட்கார்ந்திருந்த தாழையைப் பார்த்தான். அணில்களைப் பார்த்தான். பிறகு மெதுவாகக் கையைத் தூக்கினான்.

"பட்டது."

கொட்டாவி விட்ட வாய்கள் எல்லாம் அப்படியே நின்றன. வடிவு டீச்சர் மைதானத்துக்குள் ஓடினாள்.

"உனக்குத் தெரிஞ்சுதா?"

"தோலுக்குத் தெரியலை, டீச்சர். ஆனா முள்ளு சலசலன்னு சத்தம் போடும். எப்பவுமே கேட்கும்." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நான் இத்தனை ஆட்டம் ஆடியும் ஒரு தடவைகூட ஓடினதில்லை, டீச்சர். ஓட வேண்டிய அவசியமே வரலை. எனக்கும் ஓடி விளையாட ஆசையா இருக்கு."

நரி குழந்தைவேலு வாத்தியாருக்கு ஒரே குஷி. "அப்படிப் போடு! கோப்பை எங்களுக்கு!" என்று குதித்தார். குதித்த கால் தரையில் படுவதற்குள் பின்னால் ஒரு குரல் கேட்டது. ஆமை தலையை வெளியே நீட்டியிருந்தது. தட்டும்போதெல்லாம் ஓட்டுக்குள்ளே டொக்கு டொக்கு என்று இடி மாதிரி கேட்டதாம். வாத்தியார்தான் அது கணக்கில்லை என்று சொன்னாராம். அழுங்கும் ஆமாம் என்றது. வாத்தியார் முகத்தில் ஈயாடவில்லை.

கூட்டத்தில் சிலர் ஈட்டியப்பனைப் பார்த்து, இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று அதட்டினார்கள். அவன் வாயைத் திறக்கவில்லை. ஓரக்கண்ணால்கூட டீச்சரைப் பார்க்கவில்லை. அதுதான் வடிவு டீச்சரைச் சுட்டது. அவள் கூட்டத்தின் நடுவில் வந்து நின்றாள்.

"பிள்ளையை ஒண்ணும் சொல்லாதீங்க. சொல்ல வேண்டாம்னு சொன்னது நான்தான். பள்ளிக்கூடத்தைக் காப்பாத்தணும்னு நினைச்சு, பிள்ளைங்க விளையாட்டையே பிடுங்கிட்டேன். நாங்க எடுத்த பழம் எதுவும் பழமில்லை."

சொன்னதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கொக்கு செயலாளர் கழுத்தை நீட்டி எல்லாரையும் பார்த்தது. பிறகு, இருட்டுவதற்குள் முதலிலிருந்து ஒரு ஆட்டம் ஆடிவிடலாம், எல்லாப் பிள்ளைகளும் இறங்கலாம் என்று சொன்னது.

அடடா, அது ஆட்டம்! தாழை கட்டம் விட்டுக் கட்டம் பாய்ந்தாள். அணில்கள் காவல்காரர்களின் காலுக்கு இடையில் புகுந்து ஓடின. மலையடி நரிக்குட்டிகள் வளைந்து நெளிந்து வந்தன. "பட்டது", "பட்டது" என்று கைகள் எழுந்துகொண்டே இருந்தன. ஈட்டியப்பன் தன் குட்டைக் கால்களால் தலைதெறிக்க ஓடி, முதல் கோட்டிலேயே பட்டு, சிரித்துக்கொண்டே வெளியே வந்தான். ஆமை அவனுக்கும் முன்னால் பட்டு வெளியே உட்கார்ந்திருந்தது. தூங்கிய மான்கள் எழுந்து நின்று கத்தின.

கடைசியில் ஒரு பழ வித்தியாசத்தில் மலையடி ஜெயித்தது. குழந்தைவேலு வாத்தியார் கோப்பையைக் கூச்சத்தோடு வாங்கிக்கொண்டார்.

வடிவு டீச்சர் தாழையின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு பூவாத்தாவிடம் வந்தாள். சொன்ன சொல் சொன்னதுதானே! பிள்ளை நன்றாகப் படிக்கும், நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, தாழையின் கையை அவள் கையில் கொடுத்தாள்.

பூவாத்தா மகளைப் பார்த்தாள். மகள் முகமெல்லாம் புழுதி, வாயெல்லாம் சிரிப்பு. அந்தப் பக்கம் ஈட்டியப்பன் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான்.

"தப்பை ஒத்துக்கிற பிள்ளையும், ஒத்துக்கிற டீச்சரும் ஒரே பள்ளிக்கூடத்துல இருக்கீங்க. இதை விட்டுட்டு நான் எங்கே போய்த் தேடுவேன்?" என்றாள் பூவாத்தா. "நாளைக்கு இவளோட தங்கச்சிங்களையும் அனுப்புறேன், சேர்த்துக்கோங்க."

மறுநாள் மருதமரத்தடியில் உட்கார இடம் போதவில்லை. சங்கம் கூடிப் பேசியது. புது விதி எதுவும் வேண்டாம், இருக்கிற விதியே போதும் என்று கொக்கு முதல் நரி வரை ஒப்புக்கொண்டார்கள்.

பட்டது தோலுக்குத் தெரியாவிட்டாலும் மனசுக்குத் தெரிந்துவிடும். அதை வாய்விட்டுச் சொல்கிறவர் ஆட்டத்தில் தோற்றாலும் மதிப்பில் தோற்பதில்லை.