கூழைக்கடா அக்கா நடத்திய கூட்டம்

பனங்காட்டை ஒட்டிய குளத்தில் ஆமையும் தவளையம்மாவும் நண்டும் சிநேகமாக வாழ்ந்தன. எதையாவது முடிவு செய்யவேண்டும் என்றால் கரையில் கூடிப் பேசும். வெகுகாலம் அந்தக் கூட்டத்தை நடத்தியது கூழைக்கடா அக்கா. அக்கா காலமான பிறகு நீர்க்காகம் தலைவரானது.

அந்த வருஷம் மழை இல்லை. குளம் சேறும் குட்டையுமாகச் சுருங்கிவிட்டது. நீர்க்காகம் கூட்டம் போட்டது.

"மேற்கே தாமரைக்குளத்தில் தண்ணீர் இருக்கு. பறந்து போய்ப் பார்த்துட்டேன். நாளைக் காலையில் கிளம்புறோம். எல்லாருக்கும் சரிதானே?"

ஆமை தலையாட்டியது. நண்டு தரையைப் பார்த்தது. தவளையம்மாவும், "சரிங்க அண்ணே" என்றது. சொல்லும்போதே அதன் கண் நிறைந்தது.

"முடிஞ்சுது! எவ்வளவு சுருக்கா முடிச்சேன் பார்த்தீங்களா!"

ஆமைக்கு மனசு கேட்கவில்லை. "அக்கா இருந்தா இவ்வளவு சுருக்கா முடிஞ்சிருக்காது."

"எப்பப் பார்த்தாலும் அக்கா, அக்கா! அப்படி என்னதான் பேசினாங்க உங்க அக்கா?"

"ஒண்ணுமே பேச மாட்டாங்க!" ஆமை சிரித்தது. "'உங்களுக்கு என்ன தோணுது?'ன்னு கேட்பாங்க. கேட்டதும் அலகுப் பை நிறையத் தண்ணியை மொண்டுக்குவாங்க. கடைசி ஆள் பேசி முடிக்கிற வரைக்கும் துப்ப மாட்டாங்க. நம்ம நண்டு வாயைத் திறக்கறதுக்குள்ள பொழுதே சாஞ்சிடும்!"

நண்டுகூடச் சிரித்துவிட்டது. இளம் வெயில், பனம்பழ வாசனை, பை உப்பிப்போய் உட்கார்ந்திருக்கும் அக்கா... அந்த நாட்கள் எல்லோர் கண்ணிலும் வந்து நின்றன.

நீர்க்காகம் கெட்டதில்லை. சிறகு உள்ளவர்களுக்கு இருக்கிற அவசரம்தான் அதற்கும். மெல்லத் திரும்பி, "தவளையம்மா, சரின்னுட்டீங்க. ஆனா கண்ணு கலங்குதே. மனசில் என்ன இருக்கு?" என்று கேட்டது.

"என் தலைப்பிரட்டைக் குஞ்சுகளுக்கு இன்னும் கால் முளைக்கலை அண்ணே! பத்து நாள் ஆகும். நாளைக்கே கிளம்பினா, பிள்ளைகளைச் சேத்திலேயே விட்டுட்டுத்தான் வரணும். நீங்க முடிவாச் சொல்லிட்டீங்க. நான் என்ன சொல்ல?"

நீர்க்காகத்துக்கு வெட்கமாகப் போயிற்று. "நண்டுத் தம்பி, உனக்கு என்ன தோணுது?"

நண்டு பேசவில்லை. நீர்க்காகத்துக்கோ தொண்டை வரைக்கும் ஒரு யோசனை வந்துவிட்டது. சட்டென்று அலகைத் தன் சிறகுக்குள் செருகிக்கொண்டு காத்திருந்தது.

வெகுநேரம் கழித்து நண்டு வாய் திறந்தது. "என் வளைக்கு அடியில் ஊத்து இருக்கு. இன்னும் வத்தலை. தோண்டினா பிள்ளைகளுக்குப் போதும்."

"அடப்பாவி! இதை ஏன் முதல்லயே சொல்லலை?" என்றது ஆமை.

"யாரும் கேட்கலையே!"

உடனே நண்டு தோண்டியது. ஆமை மண்ணைத் தள்ளியது. நீர்க்காகம் குஞ்சுகளை இலையில் ஏற்றி ஊற்றுக்கு இழுத்து வந்தது. "அண்ணே, பழக்க தோஷத்தில் விழுங்கிடாதீங்க!" என்று கத்தியபடி தவளையம்மா கூடவே ஓடியது.

பதினோராம் நாள் காலையில், ஆண்டவன் கிருபையால் ஒன்றுகூடக் குறையாமல், புதுக்கால்களை ஊன்றி எல்லாக் குஞ்சுகளும் பெரியவர்களோடு தாமரைக்குளத்துக்குத் தத்திப் புறப்பட்டன.

கூட்டத்தை நடத்துகிறவர் தன் முடிவைச் சொல்லித் தலையாட்ட வைக்காமல், ஒவ்வொருவரையும் அன்பாகக் கேட்டுப் பொறுமையாகக் காத்திருந்தால், யாரையும் கைவிடாத வழி கிடைக்கும்.