பூட்டிய கதவில் ஓர் உதை

கடல் கடந்து அகதியாய்ப் போன கனகலிங்கத்துக்கு விசாரணை நாள் வந்தது. அன்று பட்ஜெட் சண்டையில் அந்த நாட்டு அரசாங்கமே கடையைச் சாத்தியிருந்தது. குடிவரவு நீதிமன்றத்தில் பூட்டு தொங்கியது.

மறுபடி திறந்ததும் அரசு வக்கீல் முழங்கினார்: "குறித்த நாளில் இவன் வரவில்லை. திருப்பி அனுப்புங்கள்."

ஊருக்குப் போனால் உயிர் மிஞ்சாது. கனகலிங்கம் கைகூப்பினான்.

"ஐயா, அண்டைக்கு இந்தக் கதவை உதைச்சதுக்குத்தானே என்னைப் பிடிச்சு அடைச்சவை?"

நீதிபதி நிமிர்ந்தார். "பூட்டின கதவை ஏன் உதைத்தாய்?"

"தட்டிப் பாத்தன், ஒருத்தரும் வரேல்ல. நான் வந்ததுக்குச் சாட்சி வேணுமே! உதைச்சவுடன பொலிஸ் வந்தது. அண்டைக்கு உங்கட அரசாங்கத்தில திறந்து கிடந்தது ஜெயில் ஒண்டுதான், ஐயா."

நீதிபதி அடுத்த வருஷத்துக்கு வாய்தா போட்டார். அதுவரை கனகலிங்கத்தை இருக்கச் சொன்ன இடம், அதே ஜெயில்.