ஓடைக்கு விட்ட நிலம்

கந்தை அடிகளின் குடிலுக்கு அவருடைய சீடன் செங்கோடன் ஒரு குடம் தண்ணீருடன் வந்தான். வயதில் அவனே மூத்தவன். அடிகளுக்கோ அவனுடைய மகனின் வயதுதான் இருக்கும். ஆயினும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றான்.

"தண்ணி தெளியறதுக்கு ஒரு மந்திரம் வேணுமுங்க சாமி."

"தேற்றாங்கொட்டை உரைத்துப் பார்த்தாயா?"

"உள்ளங்கை தேஞ்சு போச்சுங்க. குடம் தெளியுது. ஓடை தெளியலையே."

மேலூர்க்காரனான அவன் தன் மகள் நல்லக்காளைக் கீழூரில் கட்டிக்கொடுத்திருந்தான். ஓடையைத் தவிர அவ்வூருக்கு வேறு குடிநீர் இல்லை. மழை தொடங்கியதும் நீர் சிவந்தது. நல்லக்காளின் கைக்குழந்தைக்கு வயிறு கழியத் தொடங்கியது. சென்ற மழையில் தலைப்பிள்ளையை இதே நோய்க்குப் பறிகொடுத்தவள் அவள்.

அடிகள் குடத்து நீரை மெல்லச் சாய்த்து ஊற்றினார். அடியில் தங்கிய சேற்றை அள்ளிச் செங்கோடன் கையில் வைத்தார்.

"எவன் நிலத்து மண் இது?"

செங்கோடன் விரலால் நசுக்கினான், முகர்ந்தான். முகம் வெளுத்தது.

"எருவுக்கு ஆட்டுக்கிடை போட்ட மண்ணுங்க." கையைத் துண்டில் துடைத்தான். "ஓடையோரத்துல கிடை போட்டது என்னோட மஞ்சக்காடு மட்டுந்தானுங்க சாமி."

"உன் பேரன் உன் காட்டைக் குடிக்கிறான்."

"இதுக்கு மாத்து வழி என்னங்க?"

"பெருகும்போது ஓடை எதுவரை ஏறுகிறதோ, அதுவரை உழாமல் விட்டுவிடு."

"அதுதானுங்க பொன்னாட்டம் விளையற மண்ணு. ஒரு போகம் வேணா விடறேன்."

"பேரன் ஒரு போகம் மட்டும் பிழைத்திருந்தால் போதுமா?"

செங்கோடன் தலைகுனிந்தான். "நான் விட்டாலும் எனக்குப் பின்னால பசங்க ஏர் பூட்டுவாங்களே."

"கோயிலுக்கு விட்டு, எல்லையில் சூலக்கல் நட்ட நிலத்தில் உங்கள் ஊரில் யாரேனும் ஏர் பூட்டுவார்களா?"

"ஐயோ! சாமி சொத்தாச்சுங்களே. கை வெச்சவன் வெளங்குவானுங்களா?"

"அப்படியொரு கல்லை நடு."

"எந்தக் கோயிலுக்குங்க?"

"ஓடைக்கு. நிலம் உன்னுடையதே, புல் அறுத்துக்கொள். ஏரும் கிடையும் மட்டும் கல்லைத் தாண்டலாகாது. நீயானாலும், உன் பின்னோரானாலும், விலைக்கு வாங்கியவனானாலும், சந்திர சூரியர் உள்ளவரை."

"ஓடை தெளியற வரைக்கும் குழந்தை எதைக் குடிக்குமுங்க?"

"உன் கிணற்று நீர் நாள்தோறும் வண்டியில் கீழூர் போகட்டும்."

கல்லை நட்டவன் செங்கோடன் என்று மேலூரார் சொல்வர். மகள் வந்து நட்டாள் என்று கீழூரார் சொல்வர். கல் நடப்பட்டது என்பதில் இரு ஊராருக்கும் வேறுபாடு இல்லை.

மஞ்சள் நின்ற இடத்தில் கோரை எழுந்தது. பின்பு நாணல் வந்தது. யாரும் நடாத புங்கங்கன்றுகள் வந்தன.

"ஏப்பா செங்கோடா," என்றார் பக்கத்துக் காட்டுக்காரர், "இந்தச் சந்தைக்கு மஞ்சளா, கோரைக்கிழங்கா?"

அடுத்த மழையிலும் ஓடை சிவந்தே ஓடியது. அன்று செங்கோடன் கல்லின்மேல் கை வைத்தபடி வெகுநேரம் நின்றான். பிடுங்கவில்லை. வண்டியைப் பூட்டிக் கீழூருக்கு அனுப்பினான்.

அதற்கடுத்த மழைக்காலத்தில் ஒருநாள் வண்டிக்காரன் நிறைகுடங்களோடு திரும்பி வந்தான்.

"இனி வண்டி வேண்டாம்னு உங்க மக சொல்லச் சொல்லுச்சுங்க. குடத்துல அடி தெரியுதாம். பையன் ஓடைத் தண்ணியக் குடிச்சுட்டுக் கோழியத் தொரத்தறான்."

அன்று பிற்பகல் மழை கொட்டியது. செங்கோடன் ஓடிச்சென்று அடிகளை அழைத்துவந்தான். இருவரும் கல்லருகே நின்றனர்.

உழுத மேட்டுக்காட்டிலிருந்து செந்நீர் இரைந்துகொண்டு இறங்கியது. கோரைக்குள் நுழைந்ததும் அதன் வேகம் தளர்ந்தது. நாணல் தூர்களுக்கிடையே இரைச்சல் அடங்கியது. சிவப்பைச் சிறிது சிறிதாகப் புல்லடியில் இறக்கிவைத்துவிட்டு, புங்கவேர்களின் இடுக்கு வழியே மெல்லிய இழைகளாக ஓடையில் விழுந்தது. விழுந்த இடத்தில் கூழாங்கற்கள் தெரிந்தன. கற்களின்மேல் அயிரை மீன்கள் எதிரேறிக்கொண்டிருந்தன.

செங்கோடன் மழையை மீறிக் கத்தினான்.

"சாமி! நான் ஒண்ணுமே செய்யலீங்களே! உழுகலை, விதைக்கலை, சும்மா விட்டுட்டு நின்னேன். இதையெல்லாம் யாருங்க செய்யறது?"

அடிகள் உதட்டில் விரல் வைத்தார்.

"மெல்லப் பேசு. வேலை நடந்துகொண்டிருக்கிறது."