பட்டா இல்லாத பிணை

நீதித்துறை நடுவர் நன்மாறன் தன் ஆசிரியையைத் தேடி மலையடிவாரத்துக்கு வந்தார். நீதிபதி வேலையைப் பாதியில் விட்டுவிட்டு அங்கே வாழ்ந்த அருளம்மையிடம்தான் அவர் சட்டம் பயின்றிருந்தார்.

“அம்மா, ஒரு குறும்பர் பழங்குடிக்காரர். மாதன் என்று பெயர். காப்புக்காட்டில் தேன் எடுத்தார் என்று வழக்கு. ஜாமீன் கொடுத்து நாற்பது நாள் ஆகிறது. இன்னும் சிறையில்தான் கிடக்கிறார்.”

“ஏன்?”

“பிணை நிற்க அவருடைய மைத்துனர் மட்டும்தான் வருகிறார். பட்டா இல்லை, வீட்டு வரி ரசீது இல்லை. திருப்பி அனுப்புகிறேன். மறுநாளும் வந்து நிற்கிறார்.”

“மாதன் எப்படி இருக்கிறார்?”

“இருமினால் ரத்தம் வருகிறது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னேன். காவலுக்கு ஆள் இல்லை என்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்?”

அருளம்மை செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். அரைமணி ஏறியதும் ஒரு பாறை விளிம்பு வந்தது. கீழே தரை தெரியவில்லை.

“வேலைக்கு வந்த புதிதில் இங்கேதான் தேனெடுப்பு பார்த்தேன். கொடிக்கயிற்றில் இறங்கியவர் பாடினார். மேலிருந்து பதில் பாட்டு போயிற்று. தேனீயை விரட்டப் போட்ட புகையின் வாசம் இன்னும் மூக்கிலேயே இருக்கிறது.”

“பக்கத்தில் போய்ப் பார்த்தீர்களா?”

“எட்டிப் பார்த்ததற்கே, ‘ஏ அம்மா, தள்ளி நில்லு! நீ விழுந்தா கேஸ் எங்க மேல’ என்று விரட்டினார்கள்.” அருளம்மை சிரித்தார். “கயிற்றையாவது பிடிக்கிறேன் என்றேன். இறங்குகிறவரின் கூடப்பிறந்த அண்ணனே தொடக்கூடாதாம். பெண்டாட்டியின் உடன்பிறந்தவர்தான் பிடிக்கவேண்டும். தங்கச்சி புருஷனை அவர் விடமாட்டாராம்.”

நன்மாறன் விளிம்பிலிருந்து ஓரடி பின்வாங்கினார்.

“இருந்தாலும் அம்மா, ஒரு தாளும் இல்லாமல் எப்படி நம்புவது?”

“நீ இதில் இறங்கவேண்டும் என்றால் மேலே யாரை நிறுத்துவாய்? பட்டா உள்ளவரையா?”

நன்மாறன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“இப்போது கிளம்பினால் நீதிமன்றம் போக ஐந்தாகிவிடும். நாளைக் காலை முதல் வேலையாக விட்டுவிடுகிறேன், அம்மா.”

“என்னிடமும் இப்படிப் பிணை நிற்க ஒரு மைத்துனர் வந்தார். நானும் பட்டா கேட்டேன். பிறகு வெட்கப்பட்டு, நாளைக் காலை என்றுதான் சொன்னேன். மறுநாள் அவர் வாங்கிக்கொண்டு போனது உடலை.”