தேள் வாலில் ஒரு அக்கா, ஒரு தங்கச்சி

ஒரு வானத்துல ஒரு தேளாம். ஷெரின், போர்வையை இழுக்காதே, அக்காவுக்கும் குளிரும். அதோ, தென்னை மரத்துக்கு மேல கொக்கி மாதிரி வாலு, தெரியுதா?

"ம்."

பெனிட்டா, நீயும் 'ம்' கொட்டு. இல்லேன்னா பெரியம்மா மாடியை விட்டு இறங்கிடுவேன். கழுவாத பாத்திரம் கீழே அப்படியே கிடக்கு.

"ம், ம்."

அந்த வாலுல ஒரு வீடு. இங்கேருந்து பார்த்தா ஒரே புள்ளி. ஆனா உள்ளே மூணு பேர். ஒரு அக்கா நட்சத்திரமும் ஒரு தங்கச்சி நட்சத்திரமும் கையைக் கோத்துக்கிட்டு கிர்ர்ர்ருனு தட்டாமாலை சுத்துவாங்க. அவங்க ரெண்டு பேரையும் சேர்த்து, தூரத்துல, மெதுவா, ஒரு சித்தப்பா நட்சத்திரம் சுத்துவார்.

அப்புறம் அக்கா பெரியவளாயி பூரி மாதிரி உப்பினா. அவ வெளிச்சம் ஓரத்துல தளும்பி வழிஞ்சுது. தங்கச்சி ஒரு சொட்டு நக்கிப் பார்த்தா. தித்திச்சுது. அப்படியே வாயை வெச்சு உறிஞ்சினா, சர்ர்ர்ர்!

"போதும்டி, வலிக்குது."

"இன்னும் ஒரே ஒரு வாய், அக்கா."

"கையை விட்டுட்டு ஓடலாமே பெரியம்மா?"

விட்டா ரெண்டும் இருட்டுல தெறிச்சுப் போயிடும். கேள்வி கேட்காதே, 'ம்' சொல்லு.

அப்போ அக்கா கூப்பிட்டா, "சித்தப்பா, இவளைக் கொஞ்சம் கேளுங்களேன்!"

"அக்கா தங்கச்சிக்குள்ள ஆயிரம் இருக்கும். நான் நடுவுல வர மாட்டேன்மா"ன்னுட்டு அவர் பாட்டுக்கு நடந்தார். எல்லா வீட்லயும் இப்படி ஒருத்தர் இருப்பார்.

அப்புறம் தேளோட நெஞ்சுல இருக்கிற பெரிய சிவப்பு நட்சத்திரத்தைக் கூப்பிட்டா. அந்த ஊருக்கே பெரியவர். "ஐயா, காப்பாத்துங்க!"

இங்கேருந்து பார்த்தா ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரு ஜாண்தான். நிஜத்துல, அவ கத்தினது அங்கே போய்ச் சேரவே நூறு வருஷம்.

சர்ர்ர்ர். சர்ர்ர்ர். கடைசியில அக்கா சின்னதா, வெள்ளையா, கல்லு மாதிரி கனமா ஆயிட்டா. தங்கச்சிக்குப் பயம் வந்துடுச்சு. "அக்கா, பேசேன்." பேசல. கையை மட்டும் விடல.

"ம்..."

அப்புறம் தங்கச்சியும் பெரியவளானா. அவளும் உப்பினா. அவளுக்கும் வழிஞ்சுது. அப்போ அந்தக் கல்லு வாயைத் திறந்துச்சு.

சர்ர்ர்ர்!

"ஐயோ, வலிக்குதுக்கா!"

"எனக்கும் வலிச்சுது."

"சித்தப்பா! சித்தப்பா!"

"நான் நடுவுல வர மாட்டேன்மா."

அந்த நேரம் பார்த்து, நெஞ்சுலேருந்து பெரியவரோட பதில் வந்து சேர்ந்துச்சு. போக நூறு, வர நூறு, இருநூறு வருஷம் கழிச்சு, இடி மாதிரி. "அடியே சின்னவளே! அக்காவை விடுடி!"

தங்கச்சி அழுதா. "நானா? ஐயா, நானா?"

அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கல. வாய் நிறைய வெளிச்சம். இன்னும் ஒரு வாய் இழுத்தா. அந்தக் குட்டி உடம்பு தாங்கல.

டமார்!

"ரெண்டு பேருமா பெரியம்மா?"

அக்கா சுக்குநூறாப் போனா. தங்கச்சி பாதி எரிஞ்சு, பிடிச்சுக்கக் கையில்லாம இருட்டுல தெறிச்சுப் போனா. சித்தப்பாவுக்குச் சுத்தி வர நடுவுல ஆள் இல்ல. நேரா நடந்தார், நடந்தார், நடந்துகிட்டே இருக்கார்.

"ஆனா அந்தப் புள்ளி இருக்கே!"

டமார்னு வெடிச்ச வெளிச்சம் இங்கே இன்னும் வந்து சேரல. அதான் சாதுவா மின்னுது.



ஷெரின், என்னடி பண்றே? முழுப் போர்வையையும் அவ மேல ஏன் தள்றே? பாதி உனக்கு. பெனிட்டா, கொடுக்கிறான்னு நீயும் வாரிச் சுருட்டாதே.

தேளும் சாஞ்சாச்சு, கதையும் சாஞ்சாச்சு. ரெண்டு பேரும் கண்ணை மூடுங்க.